பூந்தி உட்கார்ந்த இடம்

ஜனவரி 5

கேட்டது ஜெர்மன் ஷெப்பர்டு. கிடைத்தது பீகிள்! முழங்கால் உயரம்கூட இல்லை. காது இரண்டும் தரையைப் பெருக்குகின்றன. இதை வைத்துக்கொண்டு நான் விமான நிலையத்தில் கடத்தல்காரர்களைப் பிடிக்க வேண்டுமாம்.

காகிதத்தில் பெயர் டயானா. அந்தப் பெயருக்கு அவள் திரும்பவே இல்லை. மதியம் என் டிபன் டப்பாவிலிருந்து ஒரு காராபூந்தி உருண்டது, அதற்குத் திரும்பினாள். ஆகவே பூந்தி.

மோப்பம் பிடிக்க வேண்டியது கஞ்சாவா, தங்கமா என்று மெஹருன்னிசா மேடத்திடம் கேட்டேன். இந்தப் பிரிவின் கால்நடை மருத்துவர் அவர்தான், எனக்கு மேலதிகாரியும்கூட. பன்றி இறைச்சி என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

வெளிநாட்டிலிருந்து யாரோ பெட்டியில் ஒரு துண்டு காய்ந்த இறைச்சி கொண்டுவருகிறார்கள். அதில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கிருமி இருந்தால், உப்பிலும் புகையிலும்கூட மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மனிதனை ஒன்றும் செய்யாது. ஆனால் மிச்சத்தைக் குப்பையில் போட்டு, அதை ஒரு பன்றி தின்றுவிட்டால் அந்தப் பண்ணை முடிந்தது, பிறகு பக்கத்துப் பண்ணை, பிறகு மாவட்டம். மருந்து கிடையாது. நாட்டின் சில பக்கங்களில் ஏற்கெனவே நுழைந்துவிட்டது, திருச்சி வழியாக இன்னொரு தடவை நுழையக் கூடாது என்பதற்குத்தான் இந்தப் பரீட்சார்த்தத் திட்டம். ஒரே நாய், ஒரே ஆள்.

அந்த ஆள் திருநெல்வேலி சைவப் பிள்ளை வீட்டுப் பெண். வெங்காயத்துக்கே வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுக்கிற வீடு. அம்மாவிடம் போனில் "கடத்தல் பிடிக்கிற நாய்" என்றேன். பொய் இல்லை. என்ன கடத்தல் என்று அம்மா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஜனவரி 9

பழைய சூட்கேஸ்களை வரிசையாக வைக்கிறேன். ஒன்றில் மட்டும் ஓட்டை போட்ட டப்பாவில் இறைச்சித் துண்டு. பூந்தி ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டே வர வேண்டும், அதைக் கண்டுபிடித்ததும் உட்கார வேண்டும். குரைக்கக் கூடாது, பிறாண்டக் கூடாது. உட்கார்ந்தால் பிஸ்கட்.

டப்பாவை நான்தான் ஒளித்துவைக்கிறேன். கையுறை, மாஸ்க் எல்லாம் போட்டும் வாடை வருகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் அந்தச் சூட்கேஸைத் தாண்டுகிறேன், இல்லையென்றால் காலையில் சாப்பிட்ட இட்லி வெளியே வந்துவிடும். வேலை என்றால் அப்படித்தான், என்ன செய்வது.

நாய்கள் மேல் எனக்குப் பெரிய பிரியம் ஒன்றும் கிடையாது. மேடத்திடமும் சொல்லிவிட்டேன்.

ஜனவரி 15

பொங்கல். விடுப்பு இருந்தும் போகவில்லை. ஊரில் யாரும் இல்லை, அம்மா மலேசியாவில் ஈப்போவில் இருக்கும் வடிவு அக்காவின் பேறுகாலத்துக்குப் போயிருக்கிறாள். பூந்திக்கு ஒரு சிவப்புக் கழுத்துப்பட்டை. கடையில் சும்மா கண்ணில் பட்டது.

ஜனவரி 22

இருபது சூட்கேஸ், இருபதுக்கு இருபது! இடம் மாற்றி வைத்தேன், மேலே கோடாலித் தைலத்தைக் கொட்டினேன், அழுக்குத் துணிக்கு அடியில் புதைத்தேன். எங்கே வைத்தாலும் நேரே போய்ப் பொத்தென்று உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்கிறாள். மேடமே கை தட்டினார். இப்படி ஒரு மூக்கு இந்தியாவிலேயே கிடையாது என்று எனக்குத் தோன்றுகிறது, கொஞ்சம் அதிகப்படிதான், ஆனாலும் தோன்றுகிறது.

மாலையில் மேடம் என்னை விராலிமலைப் பக்கம் ஜெபராணி அக்காவின் பண்ணைக்குக் கூட்டிப்போனார். பயிற்சிக்கான சுத்தமான இறைச்சி அங்கிருந்துதான் வருகிறது. பூந்தியை விட்டுவிட்டுத்தான் போனோம். வாசலில் செருப்பை மாற்றி, சுண்ணாம்புத் தண்ணீரில் கால் வைத்து, மேலங்கி போட்ட பிறகே உள்ளே விட்டார். முந்நூறு பன்றிகள். கணவர் இறந்த பிறகு அக்கா ஒற்றை ஆளாக வளர்த்த பண்ணை. ஒவ்வொரு தாய்ப்பன்றிக்கும் பெயர் இருக்கிறது, 'கலெக்டர்' என்றுகூட ஒன்று. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து அக்கா சிரித்துவிட்டார்.

பிப்ரவரி 4

நாளை வெளியூர்க் குழு வந்து பரீட்சை வைக்கிறது. தேறினால் பூந்திக்கு அடையாள அட்டை, படத்தோடு! எனக்குத் துளிகூடப் பயம் இல்லை. அவளைக் குளிப்பாட்டியாயிற்று.

பிப்ரவரி 5

எழுதப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 6

எழுதிவிடுகிறேன்.

இறைச்சியை அவர்கள் ஒளித்தார்கள். எந்தப் பெட்டியில் என்று எனக்குச் சொல்லவில்லை, அதுதான் விதியாம். பூந்தி முதல் பெட்டியை முகர்ந்தாள், என் முகத்தைப் பார்த்தாள். இரண்டாவதை முகர்ந்தாள், என் முகத்தைப் பார்த்தாள். கடைசிவரை இதேதான். இறைச்சி இருந்த பெட்டியையும் முகர்ந்துவிட்டு, என்னைப் பார்த்துவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு தாண்டிப் போனாள். கடைசியில் ஒரு அதிகாரியின் காலடியில் படுத்துவிட்டாள்.

மார்ச் 6 அன்று இன்னொரு வாய்ப்பு தருகிறார்களாம். அதிலும் தவறினால் திட்டத்தை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். பூந்தியை 'பணிக்குத் தகுதியற்றது' என்று எழுதி, கேட்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். எனக்கு என்ன, அங்கே வேறு நாய் தருவார்கள். ஷெப்பர்டாகவே கேட்கலாம்.

இன்று அவளுக்கு இரண்டு தடவை சாப்பாடு வைத்துவிட்டேன், முதல் தடவை வைத்தது மறந்துபோய்.

பிப்ரவரி 8

கண்டுபிடித்துவிட்டேன்! அவசரத்தில் எழுத்து கோணலாகத்தான் வரும்.

காலையில் அவளை நடத்திக்கொண்டு போனேன். எதிரே மாநகராட்சிக் குப்பை லாரி வந்தது. நாற்றம் தாங்காமல் மூச்சைப் பிடித்தேன். பூந்தி பொத்தென்று உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தாள்! என்னடா இது என்று இழுத்துக்கொண்டு போனேன். கருவாட்டுக் கடை வந்தது. மூச்சைப் பிடித்தேன், உட்கார்ந்தாள். ஆம்லெட் வண்டி வந்தது, உட்கார்ந்தாள். கடைசியில் ஒன்றுமே இல்லாத வெறும் சுவர் ஓரம் நின்று வேண்டுமென்றே மூச்சைப் பிடித்துப் பார்த்தேன். அங்கேயும் உட்கார்ந்து, பிஸ்கட் எங்கே என்று பார்க்கிறாள்.

இருபதுக்கு இருபது அவள் மூக்கு வாங்கவில்லை, என் மூக்கு வாங்கியது. இறைச்சி இருக்கிற பெட்டியிடம் நான் மூச்சை அடக்குவேன், அவள் அதைப் பார்த்து உட்காருவாள். பரீட்சையில் எந்தப் பெட்டி என்று எனக்கே தெரியாது, வாடையும் வரவில்லை, அதனால் மூச்சை அடக்கவில்லை. இந்தியாவிலேயே இல்லாத மூக்கு என்று எழுதினேனே, அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

சாலையில் நின்று சத்தம் போட்டுச் சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுகை வந்தது. தூசி.

பிப்ரவரி 9

மேடத்திடம் சொன்னதும் நாற்காலியில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"பன்னியத் தொடாத நான், பன்னி வாடைக்கு மூச்சுவிடாத நீ. நாட்டுல இருக்குற பன்னிங்கள நம்ம ரெண்டு பேரையும் நம்பி விட்டிருக்காங்க பாரு."

பிறகு வேகமாகத் திட்டம் போட்டார். இனிமேல் டப்பாவை நான் ஒளிக்கக் கூடாது, ஜெபராணி அக்கா வந்து ஒளிப்பார். நான் இறைச்சியே வைக்காத வரிசையிலும் நடந்து, காலிப் பெட்டிகளிடம் வேண்டுமென்றே மூச்சைப் பிடிக்க வேண்டும், அப்போது பூந்தி உட்கார்ந்தால் பிஸ்கட் கிடையாது. அவளாகக் கண்டுபிடித்து உட்கார்ந்தால் மட்டும் பிஸ்கட். என் மூச்சுக்கு மதிப்பில்லை என்பது அவளுக்கு உறைக்க வேண்டும். அதோடு நான் அந்த வாடையில் சாதாரணமாக மூச்சுவிடப் பழக வேண்டும்.

பிப்ரவரி 12

எதிரில் பன்றி இறைச்சி டப்பா, கையில் தயிர்சாதம். மூன்று கவளம் இறங்கியது. நாலாவது இறங்கவில்லை.

பிப்ரவரி 14

காலிப் பெட்டிகளிடம் மூச்சைப் பிடித்துப் பிடித்துத் தலை சுற்றுகிறது. பூந்தி குழம்பிப்போய் எல்லாப் பெட்டியிடமும் உட்காருகிறாள், சில சமயம் எதனிடமும் உட்காருவதில்லை. ஒரு தடவை பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து ஊளையிட்டாள். அவளைத் திட்டிவிட்டேன். பிறகு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன், அவளும் தலையை என் மடியில் வைத்துக்கொண்டாள். இது பயிற்சியில் சேராது.

பிப்ரவரி 17

ஜெபராணி அக்கா வரவில்லை. போன் செய்தேன். பக்கத்து மாநிலத்தில் ஒரு பண்ணையில் காய்ச்சல் வந்து, மீதிப் பன்றிகளையும் கொன்று புதைக்கிறார்களாம். புதைக்கிற குழியின் வீடியோவை யாரோ அக்காவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஓட்டல் மிச்சச் சாப்பாடு வாங்குவதை அன்றைக்கே நிறுத்திவிட்டார். வாசலைச் சங்கிலி போட்டுப் பூட்டி, சொந்தத் தம்பியைக்கூட உள்ளே விடவில்லையாம்.

"எவனோ தின்ன மிச்சத்த எறிவான், நான் பெத்த மாதிரி வளத்ததக் குழியில தள்ளணுமா தங்கச்சி? உன் நாய சீக்கிரம் தயார் பண்ணு" என்றார்.

சிரிப்பெல்லாம் போய்விட்டது. டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு தயிர்சாதத்தை முழுக்கச் சாப்பிட்டு முடித்தேன்.

பிப்ரவரி 21

இன்று மூச்சைப் பிடித்தேன். பூந்தி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை! வரிசைக் கடைசியில் ஒரு நைந்த தோள்பையிடம் போனாள், மூக்கைத் திணித்தாள், உட்கார்ந்தாள். இறைச்சி எதில் என்று எனக்குத் தெரியாது, மேடத்துக்கும் தெரியாது. நேற்றே பொட்டலம் கட்டி வாசலிலேயே தன் தம்பி கையில் கொடுத்து ஒளிக்கச் சொல்லியிருந்த ஜெபராணி அக்கா போனில் சொன்னார்: "அதேதான்." நான் குதித்த குதியில் பூந்தி மேசைக்கு அடியில் ஒளிந்துகொண்டாள்.

பிப்ரவரி 24

பதினைந்தில் பன்னிரண்டு. போதாது.

வடிவு அக்கா ஈப்போவிலிருந்து பேசினாள். அங்கே சீனப் புத்தாண்டு. பக்கத்து வீடுகளிலிருந்தும் அத்தானின் ஆபீசிலிருந்தும் பண்டப் பெட்டிகள் வந்து குவிந்திருக்கின்றனவாம். அம்மாவுக்கு வீணாகிப் போகிறதே என்று ஒரே வேதனை, கிடைத்ததையெல்லாம் ஊருக்குக் கட்டிக்கொண்டிருக்கிறாளாம். ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூரிலிருந்து விமானம், திருச்சியில்தான் இறங்குகிறாள்.

பிப்ரவரி 26

வருகைக் கூடத்துக்குள் பூந்தியைப் பழக்க அனுமதி கிடைத்துவிட்டது. மேடம் ஞாயிற்றுக்கிழமை என்றார். சனிக்கிழமை வைத்துக்கொள்ளலாமே என்று மெல்லக் கேட்டேன், திங்கள்கூட நல்ல நாள் என்றேன். காரணம் கேட்டார். சும்மா என்றேன். அப்படியானால் ஞாயிறு என்று எழுதிவிட்டார்.

மார்ச் 1

எல்லாம் நடந்துவிட்டது. ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

பெல்ட் சுற்றத் தொடங்கியதும் கூடம் சந்தையாகிவிட்டது. தள்ளுவண்டிகள், அழுகிற பிள்ளைகள், பால்மாவு டின்கள், போர்வை மூட்டைகள். பூந்தி வாலைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள், நான் பின்னால். எனக்குப் பயம் இல்லை, சந்தோஷம்தான். எத்தனை வாசனைகள்! எதற்கும் மயங்காமல் ஒவ்வொரு பெட்டியாகத் தாண்டுகிறாள். என் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

அப்போதுதான் அந்த நீலப் பெட்டி. கைப்பிடியில் மஞ்சள் துணி, மேல் மூடியில் மூன்று விரல் திருநீறு. பெட்டிக்குத் திருநீறு பூசி அனுப்புகிற ஆள் உலகத்தில் ஒருத்திதான்.

பூந்தி முகர்ந்தாள். மறுபக்கம் சுற்றி வந்து முகர்ந்தாள். பொத்தென்று உட்கார்ந்தாள்.

"ஏட்டி மதி, இங்க என்னட்டி பண்ணுத? இது என்ன நாயி?"

அம்மா. தூக்கம் இல்லாத கண், கையில் தண்ணீர்ப் பாட்டில். நான் மூச்சைப் பிடிக்கவில்லை, தாராளமாக விட்டுக்கொண்டிருந்தேன். இந்தப் பெட்டியில் ஒன்றும் இருக்க முடியாது என்று எனக்கு நூற்றுக்கு நூறு தெரியும். முட்டை போட்ட கேக்கைக்கூட வீட்டுக்குள் விடாதவள். அப்படியானால் பூந்தி தவறிவிட்டாள், மறுபடியும். சுற்றிலும் ஆட்கள் பார்க்கிறார்கள். கயிறு கொஞ்சம் இறுகியது. எப்படி என்று சரியாக நினைவில்லை.

பூந்தி எழுந்திருக்கவில்லை. கழுத்துப்பட்டை காதுவரை ஏறியும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பார்வை பெட்டியின் மேல்தான்.

"அம்மா, பெட்டியத் தொறக்கணும்" என்றேன்.

மேசையில் வைத்துத் திறந்தோம். மேடமும் வந்துவிட்டார். கோடாலித் தைலம், அக்காவின் பழைய புடவைகள், மைலோ டின், பிஸ்கட் பெட்டிகள். எல்லாவற்றுக்கும் அடியில் துண்டில் சுற்றிய சிவப்புப் பெட்டி, தங்க எழுத்து. உள்ளே சதுரம் சதுரமாகப் பளபளவென்று சிவந்த தகடுகள், தேன் வாசனை. பெட்டியில் பாதிதான் இருந்தது.

மேடம் ஒரு தகட்டைத் தூக்கிப் பார்த்தார். சர்க்கரைப் பாகு தடவிச் சுட்டு உலர்த்திய பன்றி இறைச்சி, அங்கே புத்தாண்டுக்குக் கொடுக்கிற பண்டம் என்று மெதுவாகச் சொன்னார்.

அம்மா பக்கத்தில் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். சிவசிவா என்றாள். பிறகு என்னைப் பார்த்து, ஏதோ நான் வழக்குப் போட்டுவிட்டதுபோலச் சொன்னாள்.

"மாப்பிள்ள இத அரிசி டப்பாக்குப் பின்னாடி பத்திரமா வச்சிருந்தாவ. பழத்தக் காயவச்சுத் தகடாப் பண்ணதுன்னு நெனச்சேன். நல்ல பண்டம், வீணாப் போவக் கூடாதுல்லான்னு எடுத்துட்டு வந்தேன்."

தின்று பார்த்து ருசி பிடிக்காமல் போயிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று மேடம் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"என்ன பண்ணுவேன்? நம்ம பின்வாசல்ல பன்னி திரியுதுல்லா, அதுக்குப் போட்டிருப்பேன்."

மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு ஜெபராணி அக்காவின் சங்கிலி போட்ட வாசல் கண்ணுக்குள் வந்தது.

தெரியாமல் கொண்டுவந்ததால் அம்மாவை எச்சரிக்கையோடு விட்டார்கள். பெட்டி எரிக்கப் போயிற்று. பூந்திக்குப் பிஸ்கட். ஒன்று இல்லை, கையில் இருந்த அத்தனையும்.

அறைக்கு வந்ததும் அம்மா அக்காவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். பாதிப் பெட்டியை நீ தின்றாயா, பச்சை உடம்புக்காரி, ஐயோ என்று அழுதாள். அப்படி ஒரு பெட்டியைத் தன் கண்ணாலேயே பார்க்கவில்லை என்றாள் அக்கா. பக்கத்தில் அத்தான் விடாமல் இருமிக்கொண்டிருந்தார். நான் நாட்டுக்குள் வருவதை மட்டும்தான் பிடிக்கிற ஆள்.

மார்ச் 2

கடத்தல் நாய் என்றால் என்ன கடத்தல் என்று அம்மா விடிந்ததும் கேட்டாள். எல்லாம் சொன்னேன், தயிர்சாதம் உட்பட. ரயிலுக்குப் போகிற வழியில் அந்த நாயைக் காட்டு என்றாள்.

பூந்தியின் கொட்டடி வாசலில் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்தி, மூச்சை இறுக்கப் பிடித்துக்கொண்டு நின்றாள், அப்படியே என்னைப்போல. எனக்குப் பகீர் என்றது. பூந்தி வந்தாள், அம்மாவின் முகத்தை அண்ணாந்து பார்த்தாள், காலை முகர்ந்தாள்.

உட்காரவில்லை! வாலை ஆட்டிவிட்டுத் தன் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போய்விட்டாள்.

நான் ஏன் கைதட்டுகிறேன் என்று அம்மாவுக்குப் புரியவில்லை.

மார்ச் 6

தேறிவிட்டாள்! பத்துக்குப் பத்து, எங்கே ஒளித்தார்கள் என்று எனக்குத் தெரியாமலேயே. அடையாள அட்டை, படம், கீழே 'பூந்தி' என்று பெயர். படத்தில் ஒரு காது மடங்கியிருக்கிறது. ஜெபராணி அக்கா போனிலேயே அழுதார், தாய்ப்பன்றி கலெக்டர் குட்டி போட்டிருக்கிறதாம், ஒன்றுக்கு என் பெயராம். நன்றி சொன்னேன்.

எல்லோரும் போன பிறகு, இந்தப் பரீட்சை வெறும் சம்பிரதாயம், தன் கணக்கில் அவள் ஞாயிற்றுக்கிழமையே தேறிவிட்டாள் என்றார் மேடம். பெட்டியைக் கண்டுபிடித்ததற்காகவா என்று கேட்டேன்.

"அதுக்கில்ல. கண்ணாடிக்குப் பின்னாடி நின்னு பாத்துட்டுதான் இருந்தேன். நீ கயித்த நல்லா இழுத்த மதி. அவ எந்திரிக்கல."

ஆமாம், இழுத்தேன். இரண்டு தடவை.

அம்மா பேசினாள். அத்தான் இன்னும் போனை எடுப்பதில்லையாம். பின்வாசல் குப்பைத்தொட்டிக்கு மூடி வாங்கிப் போட்டுவிட்டாளாம், தெருவில் எல்லோரையும் வாங்கச் சொல்லிச் சண்டை போடுகிறாளாம். போனை வைக்கப் போனவள் நிறுத்தி, "அந்தப் பிள்ள சாப்பிட்டாச்சாட்டி?" என்று கேட்டாள்.

எந்தப் பிள்ளை என்று நான் கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டாள், என் மடியில்தான் இருக்கிறாள் என்றேன்.